எங்கனா கீற மூஞ்சி

என்னுடைய இடது காது வேறொரு ஆளின் தலையில் இருக்கிறது. அந்த ஆள் செத்துப் பல வருடம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். சின்ன பல்பு எரியும். அந்தப் படத்துக்கு ஃப்ரேம் அடித்தவனும் நான்தான்.

காதை எடுத்து அங்கே வைத்தது அக்கா.

அக்காவுக்குப் பெயர் உண்டு. நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. டோல்கேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் ஃப்ரேம் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கம்ப்யூட்டர் கடை. போட்டோவைக் கொடுத்தால் பெயிண்டிங் மாதிரி ஆக்கித் தருவாள். பிரஷ்ஷும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. எல்லாம் மவுஸ்தான்.

ஒருநாள் நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரைத் தட்டினாள். போனேன்.

"செருப்ப கழட்டு."

கழட்டினேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்பார்கள்.

"இன்னா ஃப்ரேமு, அந்தாண்ட திரும்பு. செவுத்த பாரு. பேசாத."

சின்ன கேமராவில் எடுத்தாள்.

"இன்னாத்துக்குக்கா?"

"ஒரு காது வேணும். அப்பால சொல்றேன்."

அப்புறம் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் படம் ஃப்ரேமுக்கு வந்தது. ஹார்பரில் வேலை பார்த்த ஆள். கேட் பாஸில் ஒட்டிய சின்ன போட்டோ ஒன்றுதான் அவர் வீட்டில் இருந்தது. அதிலும் ரப்பர் ஸ்டாம்ப் காதின் மேல் விழுந்திருந்தது. படத்தில் காது முழுசாக இருந்தது. மேல் விளிம்பில் சின்ன வெட்டு. சின்ன வயதில் காத்தாடி விட்டபோது மாஞ்சா நூல் அறுத்தது. என்னுடைய வெட்டு.

படம் வாங்க வந்த அவர் சம்சாரம் அந்தக் காதைத் தொட்டாள்.

"அவரு காது அப்டியே கீது," என்று அழுதாள்.

நான் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு அக்காவிடம் கேட்டேன்.

"வெட்டையாவது எடுத்திருக்கலாமே."

"இருந்துச்சு. போட்டேன்."

அவ்வளவுதான் பதில்.

எங்கள் பக்கத்தில் பெரிய போட்டோ யாரிடமும் கிடையாது. கேட் பாஸ் போட்டோ, பள்ளிக்கூடத்து போட்டோ, யாருடைய கல்யாணத்திலோ கடைசி வரிசையில் நின்ற தலை. அதைப் பதினாறுக்கு இருபது இன்ச் என்று பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மூக்கு எது வாய் எது என்று தெரியாது. அந்தக் கட்டங்கள் மேல்தான் அக்கா வரைவாள். முடியை ஒவ்வொன்றாக இழுப்பாள். கன்னத்தில் வெளிச்சம் தடவுவாள். கடைசியில் பார்த்தால் ராஜா வீட்டில் மாட்டியிருக்கிற படம் மாதிரி இருக்கும். பெயிண்டிங் வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் வந்ததில்லை. போட்டோ போதாமல் வந்தார்கள்.

போட்டோவைக் கையில் வாங்குமுன் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கீறாரா, பூட்டாரா?"

இருக்கிறவர் என்றால் பின்னால் காப்பிக்கலர். போனவர் என்றால் நீலம், தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். இதை மாற்றிப் போட்டால் கடை மிஞ்சாது. அதனால் இரண்டு தடவை கேட்பாள்.

போட்டோவில் இல்லாததை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். மற்ற கடைக்காரர்கள் சி.டி.யில் வரும் கோட்டுப் போட்ட உடம்பை எடுத்துத் தலையை ஒட்டுவார்கள். இல்லையென்றால் தோன்றியபடி வரைவார்கள். அக்கா இரண்டும் செய்ய மாட்டாள்.

"இல்லாதத நா போட மாட்டேன். எங்கனா கீற மூஞ்சியத்தான் போடுவேன்."

மகன் காதைப் பார்த்து அப்பன் காது. தங்கை கழுத்தைப் பார்த்து அக்கா கழுத்து. சொந்தத்தில் கிடைக்காவிட்டால் தெருவில் தேடுவாள். கம்ப்யூட்டருக்குள் காது தனியாக, மூக்கு தனியாக, கை தனியாகச் சேர்த்து வைத்திருந்தாள். எது யாருடையது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் அவள் பார்வை ஒரு மாதிரி இருக்கும். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டாள். தாடையைப் பார்ப்பாள். மூக்கு முடிகிற இடத்தைப் பார்ப்பாள். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

"அக்கா பாத்தா கறிக்கடக்காரன் ஆட்ட பாக்கற மாதிரி கீது," என்பார் டீக்கடை மாஸ்டர்.

அக்காவுக்கு அது காதில் விழும். சிரிக்க மாட்டாள். கோபப்படவும் மாட்டாள். "உன் தாவாக்கட்ட யாருக்கும் ஆவாது. பயப்படாத," என்பாள்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் வந்தார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் பயப்படுகிற ஆள். செத்துப்போன அப்பாவுக்குப் படம் வேண்டும்.

"கொஞ்சம் செவப்பா போடும்மா. தல நெறைய முடி வெச்சுடு."

"உங்க வூட்ல யாரு செவப்பு?"

"யாரும் இல்ல."

"முடி?"

அவர் துண்டால் தலையைத் துடைத்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. கூட வந்தவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நா எங்கேந்து கொண்டாறது?"

"கம்ப்யூட்டர்ல வராதா?"

"கம்ப்யூட்டர் இன்னா பெத்தா போடும்?"

"கட இங்க இருக்கணுமா வாணாவா உனக்கு?"

பத்து நாளில் படம் வந்தது. கறுப்பு, வழுக்கை. நான் ஃப்ரேம் போட்டு வைத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அவர் வந்தார். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எங்கப்பன்தான்," என்றார். எடுத்துக்கொண்டு போனார்.

காசிமேட்டிலிருந்து கூடப்பிறந்த பெண்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்கள் அம்மா மீன் விற்றவள். செத்துப்போனாள். அவளை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அக்கா நாலு பேரையும் ஸ்டூலில் வரிசையாக உட்கார வைத்தாள்.

"அம்மா நெத்தி யாருக்கு வந்துகீது?"

மூன்று பேர் கை தூக்கினார்கள். அங்கேயே சண்டை.

"உனக்கு அப்பன் நெத்திடி. அம்மாது எனக்கு."

"உன் மூஞ்சி. அம்மா உன்ன குப்பத்தொட்டிலேந்து எடுத்தேன்னு சொல்லிகினு இருக்கும்."

இரண்டு நாள் அப்படியே போனது. மூத்தவள் நெற்றி, இரண்டாமவள் கண், மூன்றாமவள் மூக்கு, கடைசிப் பெண்ணின் தாடை. பிரிண்ட் போட்டு வெளியே கொண்டுவந்தபோது நாலு பேரும் வாயை மூடினார்கள். கடைசிப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"அம்மா திட்டப் போவுது," என்றாள்.

அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். நாலு பேரிடம் எடுத்து இல்லாத ஒருத்தியை நிற்க வைக்க முடிகிறது. யாரும் நம்புவார்கள். பெற்ற பிள்ளையே நம்பும்.

எண்ணூரிலிருந்து ஒரு அம்மா வந்தாள். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்து வெந்திருந்தது. அவள் பையிலிருந்து எடுத்த போட்டோவில் ஒரு பெண் குழந்தை. நாலு வயது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி வெகுநேரம் நின்றிருக்கிறது. எல்லாரும் அடியில் குனிந்து போயிருக்கிறார்கள். அந்தம்மாவும் குனிந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை. அந்தப் பக்கம் போய் எழுந்து நின்றபோது கையில் பை மட்டும் இருந்தது. திரும்பக் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் யாரும் இல்லை. அடிபட்ட தடமும் இல்லை.

"கீறாளா, பூட்டாளா?" என்றாள் அக்கா.

"கீறா."

"இன்னா வேணும்?"

"இப்ப ஒம்போது வயசு. இப்ப எப்டி இருப்பாளோ அப்டி வேணும். அத்த காட்டித்தான் தேடணும். இத்த காட்டினா யாருக்குத் தெரியும்?"

"இது நாலு வயசு மூஞ்சி. ஒம்போது வயசு இதுல இல்ல. இல்லாதத நா போட மாட்டேம்மா."

அந்தம்மா எழுந்திருக்கவில்லை.

"எங்கியோ இருந்துகினுதான கீறா. அப்ப மூஞ்சியும் எங்கனா கீதுதான?"

அக்கா போட்டோவை ஸ்கேனரில் கவிழ்த்தாள்.

என் பொண்ணு சுதாவுக்கும் அப்போது ஒன்பது வயது. அடுத்த தெருவில் பள்ளிக்கூடம். நாலு மணிக்கு விட்டால் என் கடைக்கு வருவாள். என் சம்சாரம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அவள் வந்து கூட்டிப்போகும்வரை சுதா கடையில் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த வாரம் அக்கா இரண்டு தடவை வந்தாள். கையில் பிஸ்கட் கொடுத்தாள். "சிரிடி," என்றாள். கேமராவில் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

படம் ஃப்ரேமுக்கு வந்தது. பின்னால் காப்பிக்கலர். கண்ணாடியை மேலே வைத்தேன். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. இடது கன்னத்தில் குழி. கண்ணாடி வெட்டுகிற டைமண்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"அக்கா, இது சுதா பல்லு."

"ஆமா."

"கண்ணும்."

"கன்னமும். நெத்தி அந்தம்மாவுது. மோவா அந்தம்மாவோட அண்ணனுது. ஒம்போது வயசுக்கு வேற யாரு கீறாங்க எனக்கு?"

"கேட்டிருக்கலாம்."

"காதுக்கு நீ ஒண்ணியும் சொல்லலியே."

திரும்பி வந்தேன். ஆணி அடித்தேன். நான் செய்தது அதுதான். என் பொண்ணின் முகத்தை இன்னொருத்தியின் பொண்ணு என்று ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்தம்மா பெரிய படத்தை வீட்டில் மாட்டினாள். சின்னதாக ஒன்று லேமினேஷன் போட்டு வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாக ஏறினாள். கண்டக்டரிடம் காட்டினாள். பள்ளிக்கூட வாசலில் காட்டினாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் ரயில்வே கேட் கதையைச் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல வயசு கணக்கு போட்டு எடுத்தது," என்று சொன்னாள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அந்தம்மாவே அப்படிப் புரிந்துகொண்டாள். அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் வந்தால் அது கணக்கு. கணக்கு தப்பாது. அப்படியில்லை என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் நாலு மணிக்கு ரோட்டில் ஒரு அலறல். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

பஸ் நிற்கிற இடத்தில் அந்தம்மா சுதாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"பவானி. அம்மாடி பவானி. அம்மாவ தெரியலியா?"

"எங்கப்பா அதோ கீறாரு. விடுங்க."

லாரி வருகிறதா என்று பார்க்காமல் ஓடினேன். சுதாவின் இன்னொரு கையைப் பிடித்தேன்.

"எம்பொண்ணும்மா இது."

அந்தம்மா பையிலிருந்து படத்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். ஒரு நிமிடத்தில் கூட்டம்.

"அச்சு அசலா கீது நைனா."

"பல்ல பாரு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு கீது."

"கம்ப்யூட்டர்ல எடுத்ததாம்."

ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான். "எந்த கேட்டாண்ட தூக்கின? சொல்லு."

"எம்பொண்ணு."

"அப்ப கொயந்தையா கீற போட்டோ காட்டு."

இல்லை. ஊருக்கெல்லாம் படம் மாட்டுகிறேன். என் பொண்ணைக் குழந்தையில் ஒரு போட்டோ எடுத்ததில்லை. தோன்றவில்லை. வீட்டிலேயே பிறந்தவள். சர்டிபிகேட்டும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய் வார்த்தையில்தான் சேர்த்தோம்.

டீக்கடை மாஸ்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "அவரு பொண்ணுதாம்பா. தெனம் பாக்கறேன்."

"எத்தினி வருசமா பாக்கற?"

"அவரு இங்க கட போட்டு மூணு வருசம். அதுக்கு முன்னாடி வியாசர்பாடில இருந்தாங்க."

"புள்ள தொலைஞ்சு அஞ்சு வருசம்டா," என்றான் ஒருத்தன்.

என் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. அடுத்தது முதுகில். நான் சுதாவின் கையை விடவில்லை. அந்தம்மாவும் விடவில்லை. நடுவில் சுதா "அப்பா, அப்பா" என்றாள். "திருடினவனத்தான் அப்பான்னு சொல்லும், கொயந்த, அதுக்கு இன்னா தெரியும்," என்று ஒரு பொம்பளை அழுதாள்.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். என்னை அடிப்பது நின்றது. படத்தைப் பார்த்தார். சுதாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க. பொண்ணு இன்னிக்கு ஹோம்ல இருக்கட்டும். யாருதுன்னு நீங்க ஆதாரம் கொண்டாந்து காட்டுங்க."

என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அந்தம்மாவிடம் படம் இருந்தது.

ஆட்டோவைக் கை காட்டினார். நான் எங்கள் கடைப் பக்கம் திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். கதவில் ஒரு கையை வைத்திருந்தாள். தள்ளவில்லை. எப்போதிருந்து அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் அடி வாங்கியதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அதை நான் பிறகும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

"அக்கா."

கதவு திறந்தது. ரோட்டைத் தாண்டி வந்தாள். கூட்டம் வழி விட்டது.

"தோ, இவங்கதான் போட்டது. நீ சொல்லுக்கா. அதே பொண்ணுதான?" என்றான் ஒருத்தன்.

அக்கா அவனைத் தாண்டிப் போனாள். அந்தம்மாவிடம் பேசினாள்.

"உள்ள வாம்மா. புள்ள கைய விட வாணா. புடிச்சுகினே வா."

கடை வாசலில் நின்றாள்.

"செருப்ப கழட்டு."

அந்தம்மா கழட்டினாள். நானும் சுதாவும் கழட்டினோம். கான்ஸ்டபிள் தன் பூட்ஸைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடியில் முகம் முகமாக ஒட்டியிருந்தது.

கம்ப்யூட்டரில் அந்தப் படம் திறந்தது. ஸ்கிரீன் முழுக்க முகம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த வேலையில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி. லேயர் என்பாள். கண்ணாடி மேல் கண்ணாடி அடுக்கின மாதிரி என்று நான் புரிந்துவைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் அந்தக் கண்ணாடியை உருவிவிடலாம்.

"இந்த சிரிப்பு இவளுது," என்றாள். அமுக்கினாள். படத்தில் வாய் போய்விட்டது.

"பொய்யி," என்றாள் அந்தம்மா.

அக்கா வேறொரு போட்டோவைத் திறந்தாள். சுதா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் என் கடை, கவிழ்த்த பெட்டி, சுவரில் சாய்த்த ஃப்ரேம்கள்.

"பிஸ்கட் குடுத்து சிரிக்கச் சொன்னேன். அந்தப் பல்லத்தான் எடுத்து வெச்சேன். கேட்டு எடுக்கல. கம்ப்யூட்டருக்கு ஒண்ணியும் தெரியாதும்மா. நாந்தான் எடுத்தேன்."

வெளியே சத்தம் அடங்கிப்போனது.

"கன்னம் இவளுது." அமுக்கினாள். "கண்ணு இவளுது." அமுக்கினாள். "இந்த நெத்தி உன்னுது. மோவா உங்க அண்ணனுது."

ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் தலைமுடி வகிடும் ஒரு காதும் மிஞ்சியது. மேலே வரைந்திருந்ததும் போய்விட்டதால் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

"இவ்ளோதான் உன் பொண்ணு. நீ குடுத்த போட்டோல எனக்குக் கெடச்சது இதான்."

அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

அந்தம்மா ஸ்கிரீனில் விரலை வைத்தாள். அந்தக் காதின் மேல் வைத்தாள். இன்னொரு கை எப்போது சுதாவை விட்டது என்று நான் பார்க்கவில்லை. சுதா என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் நாலு விரல் பதிந்திருந்தது.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். ஆட்டோவைப் போகச் சொன்னார்.

கூட்டத்தில் ஒருத்தன் கண்ணாடியைத் தட்டினான். "அப்ப எங்க நைனா படத்துல கீற மூக்கு யாருது?"

"நாளைக்கு வா. சொல்றேன்," என்றாள் அக்கா.

மறுநாளிலிருந்து வந்தார்கள். ஒளிக்காமல் சொன்னாள். எதையும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. சிலர் கேட்டுவிட்டுச் சும்மா போனார்கள். சிலர் திட்டினார்கள். இரண்டு பேர் படத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கடை நடந்தது. பிறகு காலி செய்துகொண்டு போனாள். எங்கே என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கூடிய அன்றைக்குச் சாயங்காலம் என் சம்சாரம் வேலையிலிருந்து வந்தாள். நான் சொன்னேன். படம் ஃப்ரேமுக்கு வந்ததையும் சொன்னேன். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுதாவைக் கூட்டிக்கொண்டு அக்கா கடைக்குள் போனாள். செருப்போடு போனாள்.

"அழி."

அக்கா சுதாவின் போட்டோக்களை அழித்தாள். என் சம்சாரம் நின்று பார்த்தாள்.

"ரீசைக்கிள் பின்ல இருக்கும்மா," என்றாள் சுதா. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதையும் அக்கா அழித்தாள்.

எண்ணூரில் மாட்டியிருந்த பெரிய படத்தை அந்தம்மா மறுநாள் தானே கொண்டுவந்து என் கடை வாசலில் சாய்த்துவிட்டுப் போனாள். கிழித்துப் போடலாம் என்றேன். என் சம்சாரம் விடவில்லை. "எம்பொண்ணு கண்ண எப்டி கிழிக்கறது?" என்றாள். துணி சுற்றி பீரோ அடியில் வைத்தாள். எங்கள் வீட்டில் சுதாவின் ஒன்பது வயதுப் படம் அது ஒன்றுதான். நெற்றியும் மோவாயும் காதும் மட்டும் வேறு ஆட்களுடையது.

ஆறு மாதம் நான் தினமும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். பிறகு சுதா மற்ற பிள்ளைகளோடு வர ஆரம்பித்தாள்.

ஒரு வருடம் ஆயிற்று. அந்தம்மா வந்தாள். அக்கா கடைப் படியில் உட்கார்ந்தாள்.

"பத்து வயசு ஆச்சு," என்றாள்.

"முடியாதும்மா," என்றாள் அக்கா.

அந்தம்மா எழுந்து போனாள். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விடுமுன் எழுந்து போய்விடுவாள். அதைக் கவனித்தேன். நான் கண்ணாடி வெட்டினால் கோடு நேராகப் போகவில்லை. அந்த மூன்று நாளில் நாலு கண்ணாடி வீணாக்கினேன்.

நாலாம் நாள் அக்கா சுவரைத் தட்டினாள். போனேன். ஸ்கிரீனில் ஒரு பெண் குழந்தையின் முகம். கண், மூக்கு, உதடு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு முகத்தை நான் எந்த ரோட்டிலும் பார்த்ததில்லை.

"யாருதுக்கா?"

"யாருதும் இல்ல. நானா போட்டது."

அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் கை மவுஸ் மேல் சும்மா கிடந்தது.

"இப்டி ஒரு மூஞ்சி எங்கியும் கெடையாது ஃப்ரேமு. எந்தப் புள்ளையும் இதுல மாட்டாது."

அடுத்த நாள் அந்தம்மா வந்தபோது பிரிண்டைக் கையில் கொடுத்தாள். அந்தம்மா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தாள். நான் என் கடை வாசலில் நின்றிருந்தேன்.

"யாரு இவ?"

"உன் பொண்ணு. பத்து வயசு."

"யார் மாதிரியும் இல்லியே."

"இல்லம்மா."

"அப்ப இவள நா எங்கன்னு தேடறது?"

அந்தம்மா படத்தை மேசையில் வைத்தாள். கசக்கவில்லை. முனை மடங்காமல் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

இந்தப் பேச்சில் நேரம் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சுதா.

நான் நகர்வதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு மாதிரி கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வெறுங்காலோடு இறங்கி, அந்தம்மாவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றாள். கையைத் தூக்கவில்லை. சும்மா நின்றாள்.

சுதா எங்களைப் பார்த்துவிட்டாள். ரோட்டோரத்திலேயே நின்றாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்தம்மா அக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"வளந்துட்டா," என்றாள்.

பிறகு இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள். சுதா அவளைத் தாண்டி நடந்தாள். ஓடவில்லை. என் கடைக்குள் போய்ப் பையை இறக்கினாள்.

எண்ணூர் பஸ் வந்தது. அந்தம்மா ஏறினாள். பஸ் கண்ணுக்கு மறையும்வரை அக்கா அந்தச் சூட்டுத் தரையில் அப்படியே நின்றாள்.